எழுபது–பத்து

2020 மார்ச்சில் இலங்கை அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு மறுபடியும் கதவு திறந்தது 2025 தொடக்கத்தில்தான். இடைப்பட்ட காலத்தில் மலையகத்து வீதிகளில், கழித்துக்கட்ட வேண்டிய லொறிகளும் ஓட்டோக்களும் மூச்சு வாங்கிக்கொண்டே ஓடின. “கைத்தொழில்னா தறியும் மண்பானையும் மட்டுந்தானா? இந்த வண்டிங்கள ஓட வைக்கிற கையப் போய்ப் பாருங்க” என்றார், கைத்தொழில் செய்கிறவர்களைத் தேடிய என்னிடம், கொஸ்லந்தையில் ஆசிரியராக இருக்கும் நண்பர். அவர் காட்டிவிட்ட ஆள் மீரியபெத்த தோட்டத்தில் பிறந்த ஒரு வயரிங் பாஸ், வண்டிகளின் மின்வேலை பார்ப்பவர்.

பெரகலையிலிருந்து வெல்லவாய நோக்கி இறங்கும் ஏ4 வீதியை ஒட்டி, தகரக் கூரை போட்ட ஒற்றை அறைதான் பட்டறை. நான் போனபோது கொழுந்து லொறி ஒன்று நின்றிருந்தது. சாவியைத் திருப்பினால் ஒரு முனகல், அவ்வளவுதான். பற்றரி செத்துவிட்டது, புதிதாக இரண்டு வாங்க வேண்டும் என்று டிரைவர் புலம்பிக்கொண்டிருந்தார். பாஸ் ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு தடவை ஸ்டார்ட் அடிக்கச் சொல்லிவிட்டு, வயரின் இரண்டு முனைகளையும் தொட்டுப் பார்த்தார். ஒரு முனை சுட்டது.

“பற்றரி நல்லாத்தான் இருக்குண்ணே. லக்குதான் போச்சு.”

லக் என்பது பற்றரி வயரின் நுனியில் மாட்டும் செம்புத் துண்டு. ஒரு பக்கம் வயர் நுழையும் குழல், மறுபக்கம் ஓட்டை போட்ட தட்டை நாக்கு. கறுக்காமல் இருக்க மேலே வெள்ளீயப் பூச்சு. அந்த லொறியில் இருந்ததை யாரோ உளியும் சுத்தியலும் கொண்டு நசுக்கியிருந்தார்கள். குழலின் வாயில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது.

இவ்வளவு சின்னத் துண்டு ஒரு லொறியை நிறுத்துமா? கணக்குப் போட்டால் தெரியும். ஸ்டார்ட்டர் சுழலும்போது முந்நூறு ஆம்பியர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓர் இணைப்பில் ஓம்மின் ஆயிரத்தில் ஒரு பங்கு தடை இருந்தாலே அந்த இடத்தில் 90 வாட் சூடாகப் போகும். களிம்பு ஏற ஏறத் தடையும் ஏறும், சூடும் ஏறும். ஸ்டார்ட்டருக்கு வந்து சேர்வது மிச்சம்தான்.

அவர் ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்தார். உள்ளே அளவுவாரியாக லக்குகள். கொழுந்து லொறிக்கு எடுத்ததன் நாக்கில் ‘70–10’ என்று குத்தியிருந்தது. முதல் எண் வயரில் உள்ள செம்பின் குறுக்குவெட்டு, சதுர மில்லிமீட்டரில். மேலே உள்ள ரப்பரின் பருமன் இதில் சேராது. இரண்டாவது எண் போல்ட்டின் அளவு. இரண்டில் எது பிசகினாலும் வேலை கெட்டது. லக் சின்னதாக இருந்தால் சிலர் வயரின் இழைகளில் கொஞ்சத்தை வெட்டி எறிந்துவிட்டு நுழைப்பார்கள். பெரிதாக இருந்தால் உள்ளே கம்பித் துண்டு சொருகுவார்கள். “ரெண்டும் களவு வேல சேர்” என்றார்.

அவருடைய சொத்து, லக்கை வயரோடு சேர்த்து அமுக்கி இறுக்கும், கையால் அடிக்கும் ஹைட்ரோலிக் கிரிம்பர். அதைச் சீலையில் சுற்றிப் பூட்டி வைக்கிறார். சம்பளத்தில் மிச்சம் பிடித்து, இன்னொரு பட்டறைக்காரரிடம் பழையதாக வாங்கியது. ரப்பரைக் கத்தியால் சுற்றி வெட்டினார். கத்தி செம்பைத் தொடவில்லை. குழலின் ஆழத்துக்கு மட்டும் உரித்து, நாக்குப் பக்கத்துச் சிறு துவாரத்தில் செம்பு தெரியும்வரை தள்ளினார். அளவுக்கேற்ற அச்சைப் பூட்டிக் கைப்பிடியை மிதமாக அடித்தார். முதல் அமுக்கு நாக்குப் பக்கம், அடுத்தது வயர் பக்கம். பசை உள்ள குழாயைச் சூடு காட்டிச் சுருக்கி வாயை மூடினார். லொறி முதல் திருப்பிலேயே கிளம்பிப் போனது.

எனக்குக் காட்டுவதற்காக இரண்டு பழைய லக்குகளை வாளால் குறுக்கே அறுத்தார். சுத்தியலால் நசுக்கியதில் இழைகள் உருண்டை உருண்டையாகத் தனித்து நின்றன, நடுவே கறுப்பு இடைவெளி. கிரிம்பரில் அடித்ததில் இழைகள் தேனடை போல அறுகோணமாக நெருங்கிக் காற்றுப் போக இடமில்லாமல் இறுகியிருந்தன.

பண்டாரவளையில் அவருக்குத் தொழில் பழக்கியவர் ஈயம் உருக்கி ஊற்றுகிறவர். சீடன் அதை விட்டுவிட்டார். ஈயம் இழைகளுக்குள் ஏறி வயரை விறைக்க வைக்கும், குலுங்குகிற வண்டியில் விறைப்பு முடியும் இடத்தில் இழைகள் ஒவ்வொன்றாக ஒடியும் என்பது அவர் கண்டறிந்தது. சாதாரண ஈயப்பற்று 183 பாகை செல்சியஸில் இளகத் தொடங்கும். கெட்டுச் சூடேறும் இணைப்பில் அதை நம்ப முடியாது.

பாஸ் தோட்ட வேலைக்குப் போகாததற்குக் காரணம் உண்டு. 2014 ஒக்டோபர் 29 காலை, மண்சரிவில் மீரியபெத்த லயங்கள் மண்ணுக்குள் போனபோது அவர் பள்ளிக்கூடத்தில் இருந்தார். அந்த மலை ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. மக்களை மாற்ற வேண்டியவர்கள் மாற்றவில்லை. பலரின் உடல்கள் கிடைக்கவேயில்லை. அதைப் பற்றி அவர் ஒரு வாக்கியம்தான் சொன்னார்: “அதுக்குப் பொறகு தோட்டத்துல பேர் பதியக் கூடாதுன்னு அம்மா சொல்லிருச்சு.” நான் மேலே கேட்கவில்லை.

அவருக்குக் கோபம் வந்தது சாமான்களைப் பற்றிப் பேசும்போது. கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் தொடங்கி இரண்டு மூன்று கை மாறித்தான் இங்கே ஒரு லக் வருகிறது. வழியில் எங்கோ செம்பு இரும்பாகிறது. வெள்ளீயம் பூசியிருப்பதால் கண்ணுக்குத் தெரியாது, காந்தம் வைத்தால் ஒட்டும். வயரிலும் இதே கதை. இழையைக் கத்தியால் சுரண்டினால் செம்பு உரிந்து அலுமினியம் வெளுக்கிறது. அதே பருமனில் அலுமினியத்தின் தடை செம்பைவிட ஏறக்குறைய அறுபது சதவீதம் கூட. விலை மட்டும் செம்பு விலை.

இந்தக் களவில் இலாபம் பார்க்கிறவன் இரவில் தோட்டத்து ரோட்டில் நிற்கப் போவதில்லை. நிற்கப் போவது பிரசவ வலிக்காரியை ஏற்றிய ஓட்டோ. அம்புலன்ஸ் ஏற முடியாத லயத்துக்கு ஓட்டோதான் அம்புலன்ஸ். 2021இல் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயாவதற்கே வருடக்கணக்கில் போராடிய சனத்திடம், நல்ல பற்றரியைத் தூக்கிப் போட வைத்து, போலி லக்கையும் தலையில் கட்டுவது வியாபாரம் அல்ல, கொள்ளை.

வாசகருக்கு இதுதான்: லக் வாங்கப் போகும்போது ஒரு சின்னக் காந்தம் கொண்டுபோங்கள். பில் கேளுங்கள். போலி என்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழைத்துச் சொல்லுங்கள். இவரைப் போன்றவர்களின் கையில் சான்றிதழ் இல்லை. வேலை தெரிந்தவரைச் சோதித்துத் தகைமை வழங்கும் ஏற்பாடு அரச தொழிற்பயிற்சி நிறுவனமான நைட்டாவில் இருக்கிறது. தோட்டத் தொழிற்சங்கங்கள் மேடை போடும் செலவில் கொஞ்சத்தை எடுத்து, இந்தப் பிள்ளைகளை அந்தச் சோதனைக்கு அழைத்துப் போகட்டும்.