இருட்டறையிற் கற்ற பாடம்

நம் கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரையொன்று வரைந்தனுப்புமாறு பழைய மாணவர் சங்கத்தார் பணித்தபோது, தமிழாசிரியனாகிய என்னிடமிருந்து இலக்கணம் பற்றியோ இலக்கியம் பற்றியோ சில பக்கங்களை அவர்கள் எதிர்பார்த்திருப்பர். யான் எழுதப் புகுந்ததோ பல்லின் எக்ஸ்ரே படத்தைக் கழுவியெடுக்கும் விதத்தைப் பற்றி. பொருள் சிறிதாயினும், ஆசிரியத் தொழிலுக்கு வருமுன்பே எனக்கு ஒரு பாடத்தைப் புகட்டியது அதுவாதலின், அன்பர்கள் பொறுத்தருள்வாராக.

உயர்தரப் பரீட்சை எழுதிய பின், 2001ஆம் ஆண்டில், அட்டன் நகரிலிருந்த சிறிய பற்சிகிச்சை நிலையமொன்றில் உதவியாளனாய் அமர்ந்தேன். மாடிப்படியின் கீழ் ஒடுங்கிய அறையொன்று. அதனுள்ளே சிவப்பு விளக்கொன்று, மூன்று பாத்திரங்கள், ஒரு கடிகாரம், ஒரு வெப்பமானி. அதுவே எனது இராச்சியம். வெள்ளி உப்புக்கள் ஒளி பட்டாற் கருகுமென்று கல்லூரிச் சோதனைச்சாலையில் நம் ஆசிரியர் காட்டியது, அங்கேதான் எனக்குச் சோறு போடும் வித்தையாயிற்று.

றொன்ட்ஜன் என்னும் ஜெர்மானிய அறிஞர் இக்கதிரைக் கண்டது 1895ஆம் ஆண்டு நவம்பரில். அடுத்த சில வாரங்களுக்குள், 1896 ஜனவரியில், வால்க்கோவ் என்னும் பல்வைத்தியர் தம் பற்களையே படமெடுத்துக்கொண்டார். அதற்கு அவர் 25 நிமிடம் அசையாது கிடக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவில், நியூ ஓர்லியன்ஸ் நகரத்துப் பல்வைத்தியராகிய எட்மண்ட் கெல்ஸ், இக்கதிரைத் தொடக்க காலத்திலேயே கையாண்டு, அதனால் விளைந்த புற்றுநோய்க்குத் தம் விரல்களையும் கையையும் பறிகொடுத்து, 1928இல் மறைந்தார். இன்று ஒரு கணப்பொழுதில் முடிந்துவிடும் அச்செயலுக்குப் பின்னால் இத்துணைத் துன்பம் உண்டு. வேண்டாது எடுக்கும் ஒவ்வொரு படமும் நோயாளிக்கு வேண்டாத கதிரே.

கதிர் பட்ட படலத்தில் உருவம் உண்டு. ஆனால் கண்ணுக்குப் புலப்படாது. சிவப்பு விளக்கின் கீழ் உறையைப் பிரித்து, கறுப்புத் தாளையும் மெல்லிய ஈயத் தகட்டையும் நீக்கி, படலத்தின் ஓரத்தை மட்டும் பிடித்துக் கொளுவியில் மாட்டல் வேண்டும். பின்னர் டெவலப்பர் என வழங்கும் உருத்துலக்கியில் அமிழ்த்தினால், கதிர் பட்ட உப்பு கரிய வெள்ளித் துகளாய் மாறும். அதன்பின் அரை நிமிடம் நீரில் அலசி, ஹைப்போ கலந்த நிலைப்படுத்தியில் இட்டால், கதிர் படாத உப்புக் கரைந்து போகும். ஈற்றில் ஓடும் நீரில் ஏறத்தாழ இருபது நிமிடம் கழுவி உலர்த்துதல் வேண்டும். உருத்துலக்கி 20 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இருப்பின் ஐந்து நிமிடம் போதும். வெப்பம் ஏறினால் நேரம் குறையும். இறங்கினால் நேரம் நீளும். மிகவும் குளிர்ந்துவிடின், அதன் முக்கிய மருந்தாகிய ஹைட்ரோகுயினோன் ஏறக்குறைய உறங்கியே விடும்.

கொழும்பில் இஃது ஒரு பொருட்டன்று. அங்கே சூடுதான் தொல்லை. நாலாயிரம் அடி உயரத்திலுள்ள அட்டனிலோ, மார்கழி தை மாதத்துக் காலை வேளையில் பாத்திரத்திலுள்ள திரவம் கையைக் கடிக்கும்.

அத்தகைய காலையொன்றில், பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து கொழுந்து பறிக்கும் அம்மா ஒருவர் வந்தார். கன்னத்தைச் சேலைத் தலைப்பாற் பொத்தியிருந்தார். வைத்தியர் படமெடுத்துத் தந்தார். வெளியே பலர் காத்திருந்தமையால் யான் வெப்பமானியைப் பாராது, கடிகாரத்தை மட்டும் பார்த்து, ஐந்து நிமிடத்தில் எடுத்துவிட்டேன். படம் வெளிறிக் கிடந்தது. பல்லின் வேர் தெரியவில்லை. கதிர் போதவில்லையென்று கருதிய வைத்தியர், நேரத்தைக் கூட்டி மீண்டும் எடுத்தார். அதுவும் அவ்வாறே.

“ஐந்து நிமிடம் வைத்தீரா?” என்று வைத்தியர் வினவினார்.

“வைத்தேன், சேர்” என்றேன்.

அது பொய்யன்று. இயந்திரத்திலே பழுதிருக்கலாமென்று அவர் முடிவு செய்து, மாத்திரை கொடுத்து, அடுத்த கிழமை வருமாறு அம்மாவைப் பணித்தார். வாசலில் நின்று அவர் என்னிடம் சொன்ன சொல் இன்னும் என் செவியில் இருக்கிறது:

“தம்பி, இன்னிக்குப் பேரு போச்சு. அடுத்த கிழமையும் ஒரு பேரு போகும். பரவாயில்ல, பல்லு நல்லானாச் சரி.”

பேர் என்பது தோட்டத்தில் ஒரு நாட் சம்பளம். வேலைக்குப் போகாதவர்க்குப் பேர் விழாது என்பதை மலைநாட்டார் அறிவர்.

அன்று மாலை பாத்திரங்களைக் கழுவும்போதுதான் வெப்பமானியை நோக்கினேன். 13 பாகை. பழுது இயந்திரத்தில் இல்லை, என்னிடத்திலேயே இருந்தது. சொன்னால் வேலை போய்விடுமோ என்னும் அச்சத்தால் இரண்டு நாள் வாய் திறவாதிருந்தேன். மூன்றாம் நாள், இயந்திரத்தைப் பரிசோதிக்கக் கண்டியிலிருந்து ஆளை அழைப்பது பற்றிப் பேச்செழுந்தபோது, உள்ளதை உள்ளவாறே சொன்னேன்.

வைத்தியர் சினந்தாரல்லர். “தம்பி, கடிகாரம் பொய் சொல்லவில்லை, நீரும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் அந்த மனிசி இரண்டு தரம் கதிர் வாங்கியல்லவா போயிருக்கிறா?” என்று மட்டும் சொன்னார். அடித்திருந்தாலும் அவ்வளவு நொந்திரேன்.

அன்று தொட்டு என் முறை மாறிற்று. காலையில் முதல் வேலையாகப் பெரிய தட்டமொன்றில் வெந்நீர் ஊற்றி, அதனுள் உருத்துலக்கிப் பாத்திரத்தை வைத்து, 20 பாகைக்குக் கொணர்வேன். வெந்நீரைத் திரவத்திலேயே கலந்தால் அது நீர்த்துப் போகும். ஆதலின் வெளியிலிருந்தே சூடு ஏற வேண்டும். அடியில் மருந்து தங்காதவாறு கலக்குவேன், கையை உலர்த்திக்கொள்வேன், கொளுவியில் நோயாளியின் இலக்கத்தை எழுதுவேன். வைத்தியர் விரைவாகக் கேட்டால், நிலைப்படுத்தியில் படம் தெளிந்தவுடன் ஈரத்தோடு காட்டிவிட்டு, மீண்டும் இட்டு முழு நேரமும் வைப்பேன். ஈரத்தில் காட்டிய படத்தை அப்படியே உறையிலிட்டால், சில மாதங்களில் அது பழுப்பேறிப் பயனற்றுப் போகும். இவ்வாறு செய்த பின்னர், முன்னையிலும் விரைவாகவே படங்கள் வெளிவந்தன. ஆயத்தம் தரும் வேகம் வேறு, பதற்றம் தரும் வேகம் வேறு என்பதை அவ்வறையில் அறிந்தேன்.

அடுத்த கிழமை அந்த அம்மா வீங்கிய கன்னத்துடன் வந்தார். ஒரே படம். வேரின் நுனியிற் சீழ் கட்டியிருந்த கருநிழல் தெளிவாய்த் தெரிந்தது. வைத்தியர் வேண்டியதைச் செய்தார். போகும்போது அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். அவரது முதல் நாட் பேரைப் போக்கியவன் யானே என்பதை அவரிடம் சொல்லத் துணிவு வரவில்லை. அக்கடனை இன்றுவரை தீர்த்திலேன்; இம்மலரிலேனும் எழுதிவைக்கின்றேன்.

பின்னர்க் கொட்டகலை ஆசிரியர் கலாசாலையிற் பயின்று, தோட்டப் பாடசாலைகளிலே தமிழ் கற்பிக்கின்றேன். இன்று பல சிகிச்சை நிலையங்களில் படலத்துக்குப் பதிலாகக் கணினித் திரையிலேயே பல்லின் உருவம் தோன்றிவிடுகின்றது. என் பழைய வித்தைக்கு வேலை குறைந்துவிட்டது. ஆயினும் தைமாதக் காலையில், லயத்திலிருந்து பனியில் நனைந்து வந்து, கடைசி வாங்கில் விறைத்திருக்கும் பிள்ளையை எழுப்பிக் கேள்வி கேட்டு, விடை வரவில்லையென்று ‘இருக்கட்டும், அடுத்தவர் சொல்லும்’ என நா எழும்போதெல்லாம், அந்த 13 பாகை நினைவுக்கு வருகின்றது. சற்றே பொறுத்து நிற்கின்றேன். பெரும்பாலும் விடை வருகின்றது.