சாதி எழுதப்படாத நாட்டில் எங்கள் சொந்தங்கள்

இலங்கையில் சாதிச் சான்றிதழ் என்று ஒன்று கிடையாது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதி கேட்பதில்லை. சாதி அடிப்படையில் இடஒதுக்கீடும் இல்லை. இதைச் சொன்னதும் நம் கல்லூரித் தோழர்கள் சிலர், "அப்படின்னா அங்க சாதி இல்லையா?" என்று ஆசையோடு கேட்கிறார்கள். 2025 மே மாதம் ஹட்டன் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், எங்கள் உறவினர் வீட்டில் 9 நாள் தங்கிவிட்டு வந்தோம். அந்தக் கேள்விக்கு அங்கே கிடைத்த பதிலைத்தான் இங்கே எழுதுகிறோம்.

எங்கள் குடும்பம் கோத்தகிரிப் பக்கம் வசிக்கிறது. அரசுத் தாள்களில் எங்களுக்குப் பெயர் 'தாயகம் திரும்பியோர்'. ஊரில் பெயர் 'சிலோன்காரங்க'. இலங்கையில் இருக்கும் எங்கள் சொந்தங்களை அந்த நாட்டுக் கணக்கெடுப்பு 'இந்தியத் தமிழர்' என்று எழுதி வந்திருக்கிறது. ஆக, எங்கே இருக்கிறோமோ அந்த ஊர்க்காரர்களாக எங்களை யாரும் எழுதியதில்லை.

இந்தப் பிரிவு எப்படி வந்தது என்பதை மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இலங்கை விடுதலை பெற்ற 1948-லேயே குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்து, மலையகத் தோட்டத் தொழிலாளர்களை நாடற்றவர்கள் ஆக்கினார்கள். அடுத்த ஆண்டே வாக்குரிமையும் போனது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் 7 பேர் நாடாளுமன்றம் சென்றதுதான் ஆட்சியாளர்களின் கண்ணை உறுத்தியது. 1964 அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று முடிவு. 1974-ல் அந்த மீதியையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பிரிக்கப்பட்ட மக்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதே 1974-ல்தான் எங்கள் அப்பாயி, தாத்தாவோடும் 6 வயது அப்பாவோடும் ரயில் ஏறினார். தலைமன்னாருக்குப் போகும் அந்த ரயிலை மலையகத்தில் 'ஒப்பாரிக் கோச்சி' என்பார்கள். ஏறியவர்களும் அழுதார்கள், நின்றவர்களும் அழுதார்கள். அங்கிருந்து 'ராமானுஜம்' கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் முகாம், அப்புறம் நீலகிரி. தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கவென்று தமிழ்நாடு அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள் இங்கே இருந்தன. ஒரு மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவரை இன்னொரு மலையில் கொண்டுவந்து இறக்கினார்கள்.

அப்பாயியின் தம்பியும் இந்தியாவுக்குத்தான் மனுப் போட்டிருந்தார். அவருக்கு நாள் வரவில்லை. 1984-ல் போரினால் கப்பல் நின்றுபோனது. அதன் பிறகு அவர் இந்தியரும் இல்லை, இலங்கையரும் இல்லை. 2003-ல் வந்த சட்டத்துக்குப் பிறகுதான் அவர் கைக்கு இலங்கைக் குடியுரிமை வந்தது. அதுவரை வாழ்நாள் முழுக்க அந்த நாட்டுக்குத் தேயிலை பறித்துக் கொடுத்திருந்தார்.

அக்காவும் தம்பியும் 51 வருடம் கழித்துப் பார்த்துக்கொண்டார்கள். அப்பாயிக்கு 78, அவருக்கு 74. திருச்சியிலிருந்து கொழும்புக்கு விமானம் ஒரு மணி நேரம்தான். பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் சேர்க்கத்தான் இவ்வளவு காலம் ஆனது. "கப்பலுக்குச் சீட்டு வரும் வரும்னு ட்ரங்குப் பெட்டிய கட்டியே வச்சிருந்தேன் அக்கா. நின்னு போச்சுன்னு ரேடியோவுல சொன்ன அன்னைக்குத்தான் அவுத்தேன்" என்றார் தாத்தா. அப்பாயி ஒன்றும் பேசவில்லை. அவர் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கொழுந்துக் கறை ஏறிய விரல் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி இருந்தது.

தாத்தாவின் மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் என 6 பேர் இருக்கும் வீடு, வெள்ளைக்காரன் காலத்து லயத்தில் ஒரு காம்பரா. முன்னால் ஒரு சின்ன வராந்தா, பின்னால் தகரம் இறக்கிய அடுப்படி. நாங்கள் 5 பேர் போய்ச் சேர்ந்ததும், ஆண்கள் பக்கத்துக் காம்பராவில் படுத்தார்கள். மாமாவும் அத்தையும் ஒரு குறையும் வைக்கவில்லை. காலையில் ரொட்டியும் சம்பலும், நாளுக்கு நாலு தடவை பிளேன்டீ. அந்த லயத்தில் நல்ல தேயிலை குடிக்கக் கிடைப்பதில்லை. நல்லதெல்லாம் கப்பலேறிவிடுகிறது.

இரண்டாம் நாள் இரவு எல்லோரும் வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். எங்கே படித்தீர்கள், எப்படிப் படித்தீர்கள் என்று மாமா மகள் கேட்டாள். ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கிப் படித்ததையும், உதவித்தொகையில் முதுகலை முடித்ததையும் வழக்கமாகப் பேசும் குரலிலேயே சொன்னோம். அத்தை சட்டென்று எழுந்து கதவை ஒருக்களித்துச் சாத்தினார். "மெதுவா பேசுங்கப்பா. இந்த லயத்துல குடியானவங்களும் இருக்காங்க" என்றார்.

'குடியானவர்' என்பது மலையகத்தில் தலித் அல்லாத சாதிகளுக்குப் பொதுப்பெயர். தோட்டங்களுக்கு ஆள் கட்டிக்கொண்டு போன பெரிய கங்காணிகளில் பெரும்பாலோர் அந்தச் சாதிகள்தாம். போன கூலிகளில் பெரும்பகுதி பறையர், பள்ளர், சக்கிலியர். பஞ்சத்துக்கும் பண்ணையடிமைக்கும் தப்பித்துப் போனவர்களை, ஊரில் இருந்த அதே வரிசையில் லயங்களிலும் பிரித்துக் குடிவைத்தார்கள். வெள்ளைக்காரத் துரைக்கு அது வசதியாக இருந்தது. அந்தப் பிரிவு இப்போது பெரும்பாலும் கலைந்துவிட்டது. எல்லோரும் ஒரே மலையில் ஏறுகிறார்கள், ஒரே தராசில் நிறுக்கிறார்கள். ஆனால் கோவில் திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு, தப்பு அடிப்பது யார், பெண் எடுப்பது எங்கே என்ற இடங்களில் பழைய வரிசை அப்படியே நிற்கிறது. மாமா மகளுக்கு ஒரு பையனைப் பிடித்திருந்தது, பையன் வீட்டார் 'விசாரித்த' பிறகு பேச்சு நின்றுபோனது என்பதை அத்தை கடைசி நாள்தான் சொன்னார். எந்த ஆவணத்திலும் எழுதாத சாதியை அந்த வீட்டார் ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள்.

ஆசிரியப் பயிற்சியில் இருக்கும் அவள் எங்களிடம் கேட்டது இன்னொரு கேள்வி. "சாதிய நீங்களே எழுதிக் கொடுக்கிறீங்களா? வெக்கமா இல்லையா?" அங்கே பல்கலைக்கழகச் சேர்க்கையில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு ஒதுக்கீடு உண்டு. நுவரெலியா மாவட்டமும் அதில் இருக்கிறது. மாவட்டத்தின் பெயரைச் சொல்லி இடம் கேட்பதில் வெட்கமில்லை, சாதியின் பெயரைச் சொல்லிக் கேட்பதில் மட்டும் ஏன் வெட்கம் என்று திருப்பிக் கேட்டோம். அவள் யோசித்துவிட்டு, "மாவட்டத்த வச்சு யாரும் கேவலமா பேசுறதில்லையே" என்றாள். அவள் சொன்னது உண்மை. நாங்களும் விடுதிக்குப் போன முதல் வருடத்தில் அதே வெட்கத்தைச் சுமந்தவர்கள்தாம். அதைக் கழற்ற எங்களுக்கு அம்பேத்கர் கிடைத்தார், படிப்பு வட்டம் கிடைத்தது, கூடப் படித்த தோழர்கள் கிடைத்தார்கள். அவளுக்கு ஒருவரும் இல்லை. சாதியைப் பேசினால் தமிழர் ஒற்றுமை கெடும், தொழிலாளர் ஒற்றுமை கெடும் என்று சொல்லத்தான் ஆட்கள் இருக்கிறார்கள்.

எங்களுக்கு அந்தச் சான்றிதழ் சும்மா வந்துவிடவில்லை என்பதையும் அவளிடம் சொன்னோம். அப்பா இலங்கையில் பிறந்தவர். அவருடைய பிறப்புச் சான்றில் சாதி இல்லை. 'பூர்வீக ஊர் எது, அங்கே நீங்கள் என்ன சாதி என்பதற்கு ஆதாரம் என்ன' என்று ஓர் அலுவலகத்தில் 3 வருடம் அலையவிட்டார்கள். துறையூர்ப் பக்கம் என்று மட்டும் அப்பாயிக்குத் தெரியும். அப்பா ஊர் ஊராகத் தேடிப் போனார். கொள்ளுத்தாத்தாவின் பெயரைச் சொன்னதும், அந்த ஊரில் ஒருவர் யோசிக்காமல் சேரியைக் காட்டிவிட்டார். இழிவுபடுத்த ஒரு நொடியில் கிடைக்கும் ஆதாரம், உரிமை கேட்டுப் போனால் 3 வருடம் கிடைப்பதில்லை. இங்கே சாதி எழுதப்படுவதும் அங்கே எழுதப்படாததும் எதிரெதிரானவை போலத் தெரியும். இரண்டு இடத்திலும் நம் ஆட்கள் படும் பாட்டுக்கு வேர் ஒன்றுதான்.

நிலத்தைப் பாருங்கள். அங்கே லயம் கம்பெனியின் கையில் இருக்கிறது. 7 பேர்ச் நிலத்தில் தனிவீடு கட்டித்தரும் திட்டங்கள் வந்திருக்கின்றன, இந்திய அரசின் உதவியிலும் சில ஆயிரம் வீடுகள் கட்டப்பட்டுள்ளன. மாமாவின் லயத்துக்கு இன்னும் முறை வரவில்லை. இங்கே எங்கள் தோட்டக் குடியிருப்பும் வேலை இருக்கும் வரைக்கும்தான். கூலியைப் பாருங்கள். நாங்கள் போனபோது அங்கே நாள் சம்பளம் 1,350 ரூபாய். நம் பணத்தில் 400-க்கும் கீழே. அதுவும் சொன்ன கிலோவைப் பறித்தால்தான் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். 2014-ல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதைப் பற்றி அத்தை இன்றும் மழைநாளில் பேசுகிறார். அந்த மலைகளில் மக்கள் குடியேறி 200 வருடம் ஆகிவிட்டது என்று 2023-ல் நினைவுகூர்ந்தார்கள். 200 வருடத்துக்குப் பிறகும் காலடி மண் அவர்கள் பெயரில் இல்லை.

திரும்பும் வழியில் கண்டியில் ஒரு நாள் தங்கினோம். அங்கே மகியாவையில் நகரசபைத் துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்பு இருக்கிறது. தெரு கூட்டவும் மலம் அள்ளவும் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களின் பிள்ளைகள் அங்கே வாழ்கிறார்கள். அதே ஊரில்தான் தலதா மாளிகை. 1898-ல் அயோத்திதாசர் இலங்கைக்கு வந்துதான் பௌத்தம் தழுவினார். நீலகிரியில் வளர்ந்தவர் அவர். 1950-ல் உலக பௌத்தர் மாநாட்டுக்காக அம்பேத்கரும் இலங்கை வந்தார். சாதியை விட்டு வெளியேறும் வழியைத் தேடி நம் முன்னோர் வந்த நாடு, பௌத்தத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டே நம் ஆட்களை நாடற்றவர் ஆக்கியது. அரசு கையில் எடுத்த பௌத்தம் வேறு, பாபாசாகேப் நம்மிடம் கொடுத்த பௌத்தம் வேறு. மாமா மகளுக்கு அயோத்திதாசர் பெயர் தெரியாது. மலையக மக்களைப் பற்றி நாம் படிக்காத மாதிரியே, நம்மைப் பற்றி அவர்களும் படிக்கவில்லை. இப்போது வாட்ஸ்அப்பில் அவளும் அவளோடு படிக்கும் 4 பேரும் நாங்களும் வாரம் ஒருமுறை பேசுகிறோம். போன வாரம் 'சாதி ஒழிப்பு' நூலின் முதல் பகுதியை முடித்தோம். அத்தைக்குத் தெரியாமல் பக்கத்துக் காம்பராவில் உட்கார்ந்துதான் அவள் பேசுகிறாள்.

நீலகிரி, வால்பாறை, கொடைக்கானல், திருச்சி என்று தமிழ்நாடு முழுக்க 'சிலோன் காலனி'கள் இருக்கின்றன. உங்கள் பக்கத்தில் இருந்தால் ஒருமுறை போங்கள். சாதிச் சான்றிதழ் கிடைக்காமல் படிப்பை நிறுத்திய பிள்ளை யாராவது இருக்கிறதா என்று கேளுங்கள். பெரியவர்களிடம் பழைய கடவுச்சீட்டு, குடும்ப அட்டை, தோட்டத்துத் துண்டு எது இருந்தாலும் படமெடுத்து வையுங்கள். மனு எழுதும்போது அவை வேண்டியிருக்கும். அந்தத் தாள்களைப் பத்திரப்படுத்திய பாட்டிகளுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது.