அம்மாயியின் சர்வீஸ் காசு

எங்க அம்மாயி உயில் எழுதல. எழுதிவைக்கச் சொத்தும் இல்ல. லயத்துக் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். அதைப் பேரப்பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுக்க முடியாது. முப்பது வருசத்துக்கு மேல கொழுந்தெடுத்துக் கிடைத்த சர்வீஸ் காசில் இருபத்தையாயிரத்தை என் கையில வச்சு, "வாசிகசாலைக்கு ஒரு அலுமாரியும் நாலு புத்தகமும் வாங்கிப் போடு தம்பி, புள்ளைங்க படிக்கட்டும்" என்றாங்க. அவ்வளவுதான் சாசனம். மூன்று மாதத்தில் போய்ச் சேர்ந்துட்டாங்க.

அந்தக் காசு கொழும்பில் என் போர்டிங் வாடகைக்குப் போனது. வேலை கிடைச்சதும் வச்சிடலாம் என்று நினைத்தேன். ஐந்து வருசமாச்சு.

போன மாதம் பச்சையப்ப முதலியாரைப் பற்றி வாசித்தேன். ஏழைக் குடும்பத்தில் பிறந்து, மதராஸில் துபாஷாக இருந்து பெரும் பணம் சேர்த்தவர். 1794இல், நாற்பது வயதில், கோயில் பூசைக்கும் தர்மங்களுக்கும் உயில் எழுதிவிட்டு இறந்துபோனார். பொறுப்பில் இருந்தவர்கள் தர்மத்தைச் செய்யவில்லை. வழக்கு வருசக்கணக்காக இழுபட்டது. கடைசியில் அட்வகேட் ஜெனரல் ஜோர்ஜ் நோர்ட்டன் போன்றோரின் முயற்சியால் பணம் மீட்கப்பட்டது. தர்மங்களுக்கு ஒதுக்கியது போக, வட்டியோடு பெருகி மிஞ்சியதில்தான் 1842இல் பள்ளிக்கூடம் திறந்தார்கள். அது 1889இல் கல்லூரியானது. கணிதமேதை ராமானுஜன் அங்கே படித்து எஃப்.ஏ. பரீட்சையில் தோற்றார். அண்ணாதுரையும் அங்கே படித்தவர்தான்.

கதையை அதோடு முடித்தால் நல்லாத்தான் இருக்கும். ஆனா 1947 வரைக்கும் அந்தக் கல்லூரியில் இந்து மாணவர்களுக்கு மட்டும்தான் இடம். பொதுவுக்கு என்று கொடுத்த காசுக்கும் ஒரு கதவு இருந்திருக்கு, அதை யாரோ பிடிச்சுக்கிட்டு நின்னிருக்காங்க.

அமெரிக்காவிலும் இதே இழுபறிதான். அந்த நாட்டை ஒருமுறைகூடப் பார்க்காத ஆங்கிலேயர் ஜேம்ஸ் ஸ்மித்சன், அங்கே அறிவை வளர்க்க ஒரு நிறுவனம் அமைக்கச் சொல்லித் தன் சொத்தை எழுதிவைத்தார். அவர் இறந்தது 1829இல். நிறுவனம் வந்தது 1846இல்.

செத்தவங்க கேட்க வரமாட்டாங்க. அந்தத் தைரியத்தில்தான் எல்லாம் நடக்குது. பச்சையப்பர் பணத்தை வைத்திருந்தவர்களைத் திட்டிக்கொண்டே வாசித்தவன், பாதியில் நிறுத்திவிட்டேன். லட்சக்கணக்கானாலும் இருபத்தையாயிரமானாலும் வேலை ஒன்றுதானே?

எங்க ஊர் அலுவிகாரை. வாய்வழியாக வந்த திரிபிடகத்தை, பஞ்சமும் சண்டையும் வந்த காலத்தில், மனப்பாடம் செய்தவர்கள் செத்தால் எல்லாம் போய்விடும் என்று பயந்து பிக்குகள் ஏட்டில் எழுதியது இந்தக் குகைகளில்தான். வலகம்பா மன்னன் காலம், கி.மு. முதலாம் நூற்றாண்டு. 1848 கலவரத்தில் வெள்ளைக்காரன் விகாரையை அழித்தபோது ஏடுகளும் அழிந்தன. இன்றைக்கும் அங்கே போனால் ஓலையில் எழுத்தாணியால் கீறி, மை தடவித் துடைத்துக் காட்டுவாங்க. துடைத்த பிறகுதான் எழுத்து தெரியும்.

அம்மாயி சொன்னது என் ஞாபகத்தில் மட்டும்தான் இருந்தது. வேறு சாட்சி இல்லை. நான் மறந்தால் அது நடக்கவே இல்லை. அதனால்தான் இங்கே எழுதிவைக்கிறேன்.

மாத்தளையில் ஒரு தச்சரிடம் அலுமாரிக்குச் சொல்லி, பாதிக் காசு கட்டியாச்சு. கண்ணாடிக் கதவு வேணுமா, பூட்டு வேணுமா என்று கேட்டார்.

கண்ணாடி போடுங்க, பூட்டு வேணாம் என்றேன்.