மாதிரி வீடுகளும் ஒரு தறியும்

மனை வாங்கியவர்கள் மாதிரி வீடு பார்க்கப் போவது இப்போது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. திருப்புட்குழியிலிருந்து நெடுஞ்சாலையில் சென்னை நோக்கிப் போனால், ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னும் பின்னும் இத்தகைய வீடுகள் உண்டு. நாங்கள் மூன்று பார்த்தோம்.

மாதிரி வீட்டில் நண்பகலிலும் எல்லா விளக்குகளும் எரிகின்றன. உள்ளறைகளுக்குக் கதவுகள் இல்லை. கதவு திறந்து மூடும் இடம் மிச்சமாவதால் அறை பெரிதாகத் தெரிகிறது. ஒரு வீட்டில் கட்டில் வழக்கத்தைவிடக் குட்டை என்பதை நெசவாளரான என் தந்தை கண்ணாலேயே அளந்து சொன்னார். பிறகு அவர் கேட்டது ஒன்றுதான்: "தறிய எங்க போடறது?" வீட்டைச் சுற்றிக் காட்டிய இளைஞர் பணிவானவர். மூன்றாவது அறையைக் காட்டி, "ஸ்டோர் ரூமா வச்சுக்கலாம் ஐயா" என்றார்.

அந்த வினா உறுத்திக்கொண்டே இருந்ததால், தந்தையை முட்டுக்காட்டுக்கு அழைத்துப் போனேன். அங்குள்ள தட்சிணசித்ரா, டெபோரா தியாகராஜனின் முயற்சியில், லாரி பேக்கரின் வடிவமைப்பில் உருவாகி 1996இல் திறக்கப்பட்டது. தென்னகத்தின் பழைய வீடுகளை வாங்கி, பிரித்துக் கொணர்ந்து, மீண்டும் எழுப்பியிருக்கிறார்கள். காஞ்சிபுரம் பட்டு நெசவாளர் வீடும் அவ்வளாகத்தில் உண்டு. என்னளவில் நாங்கள் பார்த்த நான்காவது மாதிரி வீடு அதுதான்.

நெசவாளர் வீட்டில் தறிக்குப் போக மிச்சம்தான் மனிதருக்கு. குழித்தறியில் நெய்பவர் தரைமட்டத்தில் அமர்ந்து, கால்களைக் குழிக்குள் இறக்கி மிதிகளை இயக்குவார். தலைக்கு மேலே ஜக்கார்டு. உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் அமையும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். பக்கத்தில் உட்கார இன்னோர் ஆளுக்கும் இடம் வேண்டும். ஆக, அந்த அறைக்குத் தரைக்குக் கீழே ஓர் ஆழம், தலைக்கு மேலே ஓர் உயரம். சதுர அடிக் கணக்குக்கு நீளமும் அகலமும் மட்டுமே தெரியும். (ஜடாயு என்னும் புள்ளுக்கு இராமன் ஈமக்கடன் செய்த குழி என்பதே எங்கள் ஊர்ப் பெயருக்குச் சொல்லப்படும் விளக்கம். பெயரிலேயே குழி உள்ள ஊரில்தான் ஒரு குழிக்கு இடம் தேடுகிறோம்.)

தந்தை வாசலில் நின்று இப்படியும் அப்படியும் பார்த்தார். "வீடு சரி. தெரு?" என்றார். பாவை விடியற்காலையில் தெரு நீளத்துக்கு விரித்துக் கஞ்சி தோய்த்துக் காயவைக்கும் வழக்கத்தைத்தான் சொல்கிறார் என்பது சற்றுப் பிந்தியே விளங்கியது. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம், வெளிச்சுவர்களை நீக்கி உள்ளே புழங்கும் பரப்பை வரையறுத்து, அதுவே விற்பனையின் அளவாக இருக்க வேண்டும் என்கிறது. நல்ல சட்டம்தான். நெசவாளர் வீடோ வெளிச்சுவரைத் தாண்டித் தெருக்கோடி வரை நீளும். அந்தப் பரப்பு எந்தப் பத்திரத்திலும் ஏறியதில்லை.

பொறியாளர் வரைபடத்தைத் திருத்திக் கொடுத்திருக்கிறார். தறியறை முன்பக்கம், கூரை சற்று உயரம். கார் நிறுத்தும் இடம் அதனால் போயிற்று. எழுபத்திரண்டு வயதில் மாமா இன்னும் எத்தனை சேலை நெய்வார், பிறகு அந்தக் குழியை என்ன செய்வது என்று மனைவி கேட்கிறாள். நியாயமான கேள்விதான், என்னிடம் பதில் இல்லை. அஸ்திவாரம் தோண்டும்போதே குழியையும் வெட்டிவிட்டால் தனிக்கூலி ஆகாது என்கிறார் மேஸ்திரி. வெட்டச் சொல்லியிருக்கிறேன்.