பீட்ரூட் கீரைச் சுண்டல்

தூத்துக்குடிக்காரன் கடலைப் பார்க்கக் காசு செலவழித்துப் போவதில்லை. உப்பளமும் கருவாட்டு வாடையும் இல்லாத ஊருக்குப் போனால்தான் எங்களுக்கு ஊர் சுற்றின மாதிரி. அதனால் இலங்கைக்கு டிக்கெட் போட்ட அன்றே மலை என்று முடிவு செய்துவிட்டேன். ஐந்து நாள். கண்டி, நுவரெலியா, ஹோர்ட்டன் சமவெளி, எல்ல, கடைசியில் சிவனொளிபாதமலை. ஒரு முழுத் தாளில் கட்டம் போட்டு, எந்த வேளை எங்கே என்ன சாப்பிடுவது என்பதைப் பச்சை மையில் தனியாக எழுதி வைத்திருந்தேன். நுவரெலியா கட்டத்தில் 'பறித்த காய்கறி, அன்றே' என்று இருந்தது.

கெடுத்தது மக்ரூன். கொழும்பு நண்பருக்கு ஊரிலிருந்து இரண்டு டப்பா கொண்டு போயிருந்தேன். அவர் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை என்னிடமே திருப்பித் தந்தார். "இத எங்க சாச்சிட கையில குடுத்திட்டு அங்கால போங்களேன். கற்பிட்டி ரோட்டுலதான் வீடு." மலை கிழக்கே இருக்கிறது, கற்பிட்டி இருக்கும் புத்தளம் பக்கமோ வடக்கே 130 கிலோமீட்டர். முட்டை வெள்ளையும் சீனியும் முந்திரியும் சேர்ந்த அந்த லேசான பண்டத்தை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் முணுமுணுத்தபடியே போனேன்.

பாலாவியில் கற்பிட்டிப் பக்கம் திரும்பியதும் ஜன்னலுக்கு வெளியே உப்பளம். பாத்தி பாத்தியாக, கண் கூசும்படி, எங்கள் ஊர் மாதிரியே. பிளேன் ஏறி வந்து முத்தையாபுரத்தில் இறங்கினது போல இருந்தது.

மனதைத் தேற்றிக்கொள்ள ஒரு வரலாறு இருந்தது. புத்தளத்தில் நின்றுகொண்டு மலைக்குத் திட்டம் போட்ட முதல் ஆள் நான் இல்லை. 1344-இல் மாலத்தீவிலிருந்து கப்பலில் வந்த பயணி இப்னு பதூதா இந்தக் கரையில்தான் இறங்கினார். அப்போது இங்கே இருந்த ஆரியச் சக்கரவர்த்தி என்ன வேண்டும் என்று கேட்க, சிவனொளிபாதமலை உச்சியில் இருக்கும் ஆதமின் பாதத்தைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என்றாராம். மன்னர் பல்லக்குக் கொடுத்தார். கூடவே நான்கு யோகிகள், மூன்று பிராமணர்கள், அரண்மனை ஆட்கள் பத்துப் பேர், சாப்பாட்டுச் சாமான் சுமக்கப் பதினைந்து பேர். என் பச்சை மைக் கட்டத்தை அவர் அந்தப் பதினைந்து பேரின் தலையில் ஏற்றிவிட்டார். ஆறுகள் அடித்துக்கொண்டு வந்த கறுவா மரங்கள் இந்தக் கரையில் மலைபோல் குவிந்து கிடந்ததையும் எழுதி வைத்திருக்கிறார். படித்தபோது கதை விடுகிறார் என்று நினைத்தேன். மலைச் சரக்குக்குக் கடற்கரையில் என்ன வேலை?

சாச்சிக்கு, அதாவது நண்பரின் சித்திக்கு, எழுபது வயதுக்கு மேல் இருக்கும். டப்பாவை வாங்கிக்கொண்டு, வாசலில் கிடந்த என் பைகளை எண்ணினார். மூன்று. "அஞ்சு நாளைக்கு இவ்வளவு சாமானா தம்பி?" என்றார். குளிர் ஊர் என்பதால் ஸ்வெட்டர் என்றேன். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்ச் சோறு போட்டார்.

ஓரா மீன் ஆணம். காயல்பட்டினத்து நண்பன் வீட்டில் குழம்பை ஆணம் என்றுதான் சொல்வார்கள். அந்தச் சொல் கேட்டதுமே பாதி விறைப்பு போய்விட்டது. பக்கத்தில் கருஞ்சிவப்புத் தண்டும் பச்சை இலையுமாக, தேங்காய்ப்பூ போட்டு லேசாக வதக்கிய ஒன்று. என்ன இது என்றேன். "பீட்ரூட் கீரைச் சுண்டல்." சுண்டல் என்றால் எனக்குக் கொண்டைக்கடலை. பீட்ரூட்டுக்குக் கீரை உண்டென்பதையே ஐம்பது வயது தாண்டி அன்றுதான் யோசித்தேன். எங்கள் மார்க்கெட்டுக்கு அது மொட்டைத் தலையோடு மூட்டையில் வரும். இலையில் மெல்லிய மண்வாசம், தண்டில் ஓர் இனிப்பு, கடைசியில் எலுமிச்சைப் புளிப்பு. மூன்று தரம் கேட்டு வாங்கினேன்.

நுவரெலியாவிலிருந்து இவ்வளவு வாடாமல் எப்படி வருகிறது என்று கேட்டேன். அதுதான் சண்டைக்கு ஆரம்பம்.

"நுவரெலியாவா? இந்தா, பின்னுக்குக் கிடக்கு தோட்டம்."

பீட்ரூட் இங்கிலீஷ் காய். ஊட்டி, கொடைக்கானல் மாதிரி குளிர் வேண்டும். இந்த வெயிலில், இந்த மணலில் வராது என்று விளக்கினேன். அவர் வீட்டில் உட்கார்ந்து, அவர் போட்ட சோற்றைத் தின்றுகொண்டே. சாச்சி செருப்பை மாட்டினார்.

கிடுகு வேலியைத் தாண்டினால் கடற்கரை மணல் மாதிரியே மணல். அதில் வரிசை வரிசையாகச் சிவப்பு நரம்போடிய இலைகள், நடுவில் ஸ்பிரிங்க்ளர் சுற்றிச் சுற்றித் தண்ணீர் தெளிக்கிறது. வேலிக்கு அப்பால் வெங்காயம், அதற்கும் அப்பால் மிளகாய். தூரத்தில் நுரைச்சோலை அனல் மின்நிலையத்தின் புகைபோக்கி. பாதி உருண்டை மண்ணுக்கு வெளியே தோளைக் காட்டிக்கொண்டு நின்ற ஒன்றைச் சாச்சி இலையோடு பிடித்து இழுத்தார். சத்தமே இல்லாமல் வந்தது. ஒரு உதறு உதறினார். மணல் மாவு போல உதிர்ந்தது, கழுவவே வேண்டாம். என் கையில் வைத்தார். வெயிலில் இளஞ்சூடாக இருந்தது. உருளைக்கிழங்கும் போடுகிறார்களாம். லாரி தம்புள்ளைச் சந்தைக்குப் போகும், அங்கிருந்து எங்கெங்கோ. நுவரெலியாவுக்குமா என்று கேட்க வாய் வரவில்லை.

தொட்டியில் தண்ணீர் பளிங்காக இருந்தது. அள்ளிக் குடிக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டார். "அது பயிருக்கு. எங்களுக்குத் தண்ணி கடையில." ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் களப்பு, நடுவே இந்த மெல்லிய நாக்கு நிலத்தில் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கும் மழைத் தண்ணீர்தான் கிணறு. மணலில் போடும் உரம் நிற்காமல் நேரே அதில் இறங்குகிறது. கற்பிட்டிக் கிணறுகளில் நைட்ரேட் அதிகம் என்று பல ஆய்வுகள் சொல்லிவிட்டன. அந்தச் செழிப்பைப் பார்த்த கண்ணுக்கு இது கசப்பாகத்தான் இருந்தது.

வரப்பில் உட்கார்ந்தபோது கேட்டேன், பிறந்த ஊர் இதுதானா என்று. மன்னார் என்றார். 1990 அக்டோபர் கடைசி. வட மாகாணத்து முஸ்லிம்கள் 70,000 பேருக்கு மேல் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் இரண்டு மணி நேரம்தான் கெடு. மன்னார்த் தீவுக்காரர்களை வள்ளத்தில் ஏற்றிக் கற்பிட்டிக் கரைக்கு அனுப்பினார்கள். "குடும்பத்துக்கு அஞ்சு பை கொண்டு போகலாமெண்டு இயக்கம் சொல்லிச்சு. நாங்க எட்டுப் பேர்." முகாமில் இருந்துகொண்டு வெங்காயத் தோட்டங்களில் கூலிக்குப் போயிருக்கிறார், கொட்டில் போட்டதிலிருந்து இந்தத் துண்டுத் தோட்டம் வரை பல வருஷம். "வந்த புதுசில நானும் உங்களைப்போலதான், இந்த மண்ணுல என்ன வரும் எண்டு கேட்டன்" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எண்பதுகளில், பள்ளிக்கூடப் பையனாக, எங்கள் தெருவில் இயக்கத்துக்காக உண்டியல் குலுக்கியவர்களில் நானும் ஒருவன். பஸ் ஸ்டாண்டில் நின்று தொண்டை கட்டும்வரை கத்தியிருக்கிறேன். இந்த வள்ளங்களைப் பற்றித் தெரிந்தது எத்தனையோ வருஷம் கழித்து, அதுவும் ஒரு புத்தகத்தில். சாச்சியிடம் சொல்ல வேண்டும் என்று இரண்டு தரம் வாயைத் திறந்தேன். இரண்டு தரமும் பீட்ரூட் பற்றித்தான் கேட்டேன்.

ஒரு மணி நேரம் என்று வந்தவன் இரண்டு இரவு தங்கிவிட்டேன். எல்லவும் ஹோர்ட்டன் சமவெளியும் கட்டத்திலிருந்து போயின. சிவனொளிபாதமலையை மட்டும் விடவில்லை. இப்னு பதூதாவிடம் தோற்க மனமில்லை. மூன்று பையில் ஒன்றைச் சாச்சி வீட்டிலேயே வைத்துவிட்டேன், கொழும்பு நண்பர் எடுத்துக்கொள்ளட்டும் என்று. காலியான அந்தக் கைக்குச் சாச்சி ஒரு பொட்டலம் கொடுத்தார். நாலு மடிப்புப் பேப்பர், மேலே பாலித்தீன், அதற்கும் மேலே இன்னொன்று. "மலையில குளிருக்குச் சுட்டுத் தின்னுங்க."

குருநாகல் பஸ்ஸில் ஏறிக் கால் மணி நேரத்தில் இரண்டு பாலித்தீனும் தோற்றன. முன் சீட்டுப் பெண் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். கண்டக்டர் என் பையைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். பக்கத்தில் தூங்கி வழிந்துகொண்டிருந்த கிழவர் கண்ணைத் திறக்காமலே மூச்சை நன்றாக இழுத்தார்.

"கல்பிட்டியே கரவலத?"

கற்பிட்டிக் கருவாடா என்று கேட்கிறார் என்பது புரிந்தது. ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் இன்னும் கொஞ்சம் என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.