கே.வி. என்றால் கிலோவோல்ட் அல்ல

ரிமோட்டில் ஓடும் படகை முதலில் உலகுக்குக் காட்டியவர் நிகோலா டெஸ்லா. 1898-ல் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்த மின்சாரக் கண்காட்சியில், தொட்டித் தண்ணீரில் ஒரு சின்னப் படகை மிதக்கவிட்டு, கம்பி எதுவும் இல்லாமல் இடமும் வலமும் திருப்பிக் காட்டினார். அந்த நவம்பரில் அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். அதற்குப் பத்து வருஷம் முன்பு, 1888-ல், சுழலும் காந்தப்புலத்தில் ஓடும் மோட்டாருக்குக் காப்புரிமை பெற்றவரும் அவர்தான். இன்றைய ரேஸ் படகுகளின் பிரஷ்லெஸ் மோட்டாரிலிருந்து மூன்று வயர்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றனவே, அவற்றின் பூர்வீகம் அந்த ஐடியாதான்.

பிரஷ்லெஸ் என்றால் பயப்பட வேண்டாம். மிக்ஸி ரிப்பேர்க்காரர் 'கார்பன் தேஞ்சு போச்சும்மா' என்று ஒரு கறுப்புத் துண்டை மாற்றுவாரே, அதுதான் பிரஷ். அது இல்லாத மோட்டார் இது. உள்ளே காந்தம் சுழலும். செப்புச் சுருள் அசையாமல் நிற்கும். எந்தச் சுருளுக்கு எப்போது மின்சாரம் என்பதை ஸ்பீட் கன்ட்ரோலர் என்ற சின்ன எலெக்ட்ரானிக் பெட்டி தீர்மானிக்கும். நீங்கள் சமீபத்தில் 'பி.எல்.டி.சி.' ஃபேன் வாங்கியிருந்தால் உங்கள் தலைக்கு மேல் சுற்றுவதும் இந்த ஜாதிதான். பழைய ஃபேன் 75 வாட் குடித்த இடத்தில் அது முப்பது சொச்சத்தில் முடித்துக்கொள்கிறது.

எங்கள் மேல் வீட்டுப் பையன் பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருஷம். டியூஷன் எடுத்துச் சேர்த்த நாலாயிரம் ரூபாயுடனும், இரண்டு மோட்டார்களின் விவரத்தாளுடனும் வந்தான்.

"அங்கிள், ரெண்டும் ஒரே விலை. எது பெட்டர்?"

பையனிடம் படகு இருந்தது. மூன்று செல் லிப்போ பேட்டரி, 120 ஆம்பியர் கன்ட்ரோலர், 40 மில்லிமீட்டர் புரொப்பெல்லர் எல்லாம் இருந்தன. மோட்டார் மட்டும் பாக்கி. அது கருகினால் கூடவே கன்ட்ரோலரையும் அழைத்துக்கொண்டு போகலாம். அவன் அப்பா, 'போதும், படிக்கிற வழியைப் பாரு' என்று படகைப் பரணில் ஏற்றிவிடுவார். இரண்டாவது சான்ஸ் கிடையாது.

முதல் தாளில் '3650, 3500 கே.வி., 1,900 வாட்' என்று இருந்தது. இரண்டாவதில் '3660, 2000 கே.வி., 1,300 வாட்'. பையனின் விரல் முதல் தாளின் மேலேயே இருந்தது. யாராக இருந்தாலும் அங்கேதான் போகும்.

இந்த எண்களை எப்படிப் படிப்பது? 3650 என்றால் 36 மில்லிமீட்டர் விட்டம், 50 மில்லிமீட்டர் நீளம். வெளி உறை சுழலும் 'அவுட்ரன்னர்' வகையில் மட்டும் ஜாக்கிரதை. சிலர் வெளி அளவைச் சொல்வார்கள், சிலர் உள்ளே இருக்கும் சுருள் பகுதியின் அளவை. ஒரே எண், இரண்டு சைஸ்.

கே.வி. என்பது மின்வாரியத்தின் கிலோவோல்ட் அல்ல. ஒரு வோல்ட் கொடுத்தால், சுமை இல்லாமல், நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது. மூன்று செல் பேட்டரி 11.1 வோல்ட். 2000 கே.வி.யால் பெருக்கினால் 22,200 சுற்று. 3500 என்றால் 38,850.

"பாத்தீங்களா, இதானே ஃபாஸ்ட்?"

இங்கேதான் தண்ணீர் குறுக்கே வருகிறது. ஒரே புரொப்பெல்லரைச் சுழற்றத் தேவைப்படும் சக்தி, வேகத்தின் மூன்றாவது படியாக ஏறும். வேகம் இரண்டு மடங்கு என்றால் சக்தி எட்டு மடங்கு. 22,200-லிருந்து 38,850 என்பது 1.75 மடங்கு, அதன் மூன்றாம் படி ஐந்துக்கும் மேல். முதல் வேகத்தில் 600 வாட் கேட்கும் புரொப்பெல்லர், இரண்டாவதில் 3,000 வாட்டுக்கு மேல் கேட்கும். அந்தச் சின்ன புரொப்பெல்லருக்கு அவ்வளவு பசி. மோட்டார் அந்த வேகத்தை எட்டப் பார்க்கும், எட்ட முடியாது. நடுவில் வயரும் பேட்டரியும் கன்ட்ரோலரும் காயும்.

3500 கே.வி. மோட்டார் மட்டமானது என்று அர்த்தமில்லை. இந்த ரகம் பெரும்பாலும் ரிமோட் கார்களுக்குப் போவது. காரில் கியர் இருக்கிறது, வேகத்தைக் குறைத்து இழுவையாக மாற்றிக்கொடுக்கும். சின்ன ரேஸ் படகில் பெரும்பாலும் கியர் கிடையாது, மோட்டார் சுற்றுகிற வேகத்திலேயே புரொப்பெல்லரும் சுற்ற வேண்டும். அதனால் படகுக்காரர்கள் பேட்டரியைப் பார்த்து, மொத்தச் சுற்று முப்பதாயிரத்துக்குள் அடங்குகிற மாதிரி கே.வி. தேர்ந்தெடுப்பார்கள். 2000 கே.வி. குறைச்சல் என்று நினைத்தால் இன்னொரு கணக்கு. சுமையில் 18,000 சுற்று, ஒரு சுற்றுக்கு 56 மில்லிமீட்டர் முன்னேற்றம் என்றால் காகிதத்தில் மணிக்கு 60 கிலோமீட்டர். தண்ணீரில் வழுக்குவதைக் கழித்தாலும், தி.நகரில் நம் காருக்குக் கிடைக்காத வேகம்.

சரி, வாட்? அதை நம்பாதீர்கள். எத்தனை விநாடிக்கு, எவ்வளவு குளிர்ச்சியில் என்று சொல்லாமல் போடுகிற எண் அது. மலிவு மோட்டார்களை ஒப்பிட எளிய வழி, சமையலறைத் தராசு. ஒரே கே.வி. உள்ள இரண்டில் கனமானதில் செப்பும் இரும்பும் அதிகம். அடுத்து, விவரத்தாளில் ரெஸிஸ்டன்ஸ் போட்டிருந்தால் குறைவானதை எடுங்கள். 60 ஆம்பியர் ஓடும்போது 10 மில்லி ஓம் சுருளில் 36 வாட் சூடாக வீணாகும். 20 மில்லி ஓம் என்றால் 72 வாட். கட்டை விரல் பருமனை விடக் கொஞ்சம் பெரிய டப்பாவுக்குள், மூடிய படகுக்குள், இரண்டு மூன்று சால்டரிங் அயர்னைச் சொருகி வைத்த மாதிரி.

சூடுதான் உண்மையான வில்லன். மோட்டாருக்குள் இருக்கும் நியோடிமியம் காந்தத்தில் சாதாரண ரகம் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே பலத்தை இழக்கத் தொடங்கும். ரொம்பச் சூடானால் இழந்தது திரும்பாது. வேடிக்கை என்னவென்றால், காந்தம் பலவீனமானால் சுமையில்லாத மோட்டார் முன்பைவிட வேகமாகச் சுற்றும். 'புதுசை விட நல்லா ஓடுதே' என்று சந்தோஷப்படுவோம். ஆனால் அதே இழுவைக்கு அதிக கரன்ட் குடிக்கும், இன்னும் சூடாகும், இன்னும் பலவீனமாகும். நோயாளியின் கன்னம் ஜுரத்தில் சிவப்பதைப் பார்த்து ஆரோக்கியம் என்கிற கதை.

அதனால் தண்ணீர் ஜாக்கெட் அவசியம். சுக்கான் பக்கத்தில் ஒரு சின்னக் குழாய், ஓடும்போது ஏரித் தண்ணீரையே உள்ளே தள்ளி மோட்டாரைச் சுற்றி அனுப்பும். 'இன்ரன்னர்' வகையில் சுருள் வெளி உறையை ஒட்டி இருப்பதால் இது நன்றாக வேலை செய்யும். அவுட்ரன்னரில் உறையே சுழல்வதால் ஜாக்கெட் போட முடியாது.

காசு கொட்டினால்தான் ஜெயிக்கலாமா? அமெரிக்காவின் மாடல் படகுச் சங்கமான 'நாம்பா'வில் பி-லிமிடெட் என்றொரு பிரிவு உண்டு. பட்டியலில் உள்ள எளிய மோட்டார்களை மட்டுமே பொருத்த வேண்டும். எல்லோரிடமும் ஏறக்குறைய ஒரே இதயம். மிச்சம், புரொப்பெல்லரைச் செதுக்கும் பொறுமையும் வளைவில் திருப்பும் விரலும்தான்.

பையன் 2000 கே.வி.யை வாங்கினான். மாமா ஊர் ஏரியில் நாலு நிமிஷம் ஓட்டிக் கரையேற்றி, முதல் வேலையாக பேட்டரி வயரைக் கழற்றினான் (புரொப்பெல்லர் விரலை நறுக்கும், இதில் விளையாட்டு இல்லை). பிறகு மோட்டாரைத் தொட்டு ஐந்து வரை எண்ணினான். விரலை எடுக்கவில்லை. பாஸ்! அவன் அப்பா கரையில் நின்று, "இன்னொரு ரவுண்டு விடுடா" என்றாராம்.

நேற்று மறுபடி வந்தான். "அங்கிள், இதே புரொப்பெல்லர். நாலு செல் பேட்டரி போட்டா?"

"வேகம் மூணுல ஒரு பங்கு ஏறும். சக்தி எத்தனை மடங்குன்னு நீயே போட்டுச் சொல்லு."

கால்குலேட்டரைத் தட்டினான். 2.37 என்று வந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சின்ன புரொப்பெல்லர் ஒண்ணு என்ன விலை இருக்கும்?" என்றான்.