பால் ஒத்துக்காத வயிறும் தஞ்சாவூர் மோரும்

தஞ்சாவூர்க் கடைத்தெருவில் இரவு எட்டு மணிக்கு மேல் நடந்தால், அகலமான இரும்புச் சட்டியில் பால் சுண்டிக்கொண்டிருக்கும் கடை ஒன்றாவது கண்ணில் படும். தூக்கி ஆற்றுவதை வேடிக்கை பார்க்கவே நாலு பேர் நிற்பார்கள். "எனக்குப் பால் ஒத்துக்காதுண்ணே" என்றேன். "இந்த வயசுலேயேவா தம்பி?" என்று பரிதாபமாகப் பார்த்தார் கடைக்காரர்.

உண்மையில் வளர்ந்த பிறகுதான் ஒத்துக்காமல் போகும். பாலில் இருக்கும் சர்க்கரைக்கு லாக்டோஸ் என்று பெயர். அதை உடைக்கச் சிறுகுடலில் லாக்டேஸ் என்ற என்சைம் வேண்டும். தாய்ப்பால் குடிக்கும் வயதில் அது தாராளமாகச் சுரக்கும். வளர வளரப் பெரும்பாலானோருக்குக் குறைந்துவிடும். உடையாத சர்க்கரை பெருங்குடலுக்குப் போய் பாக்டீரியாவிடம் மாட்டி நொதிக்கும். அதுதான் உப்புசம், கடமுடா சத்தம், சிலருக்கு வயிற்றுப்போக்கு. உலகில் பெரியவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினருக்கு இந்த என்சைம் குறைவுதான்.

1981-ல் வெளியான ஓர் ஆய்வில், டெல்லியில் சோதித்தவர்களில் சுமார் 27 சதவிகிதம் பேருக்கு லாக்டோஸ் ஒத்துக்கொள்ளவில்லை. ஹைதராபாத், புதுச்சேரியில் சோதித்தவர்களிடம் அது மூன்றில் இரண்டு பங்கு! பிற்பாடு மரபணுவைத் தேடிப் பார்த்தபோதும் அதே கதைதான். வளர்ந்த பிறகும் பாலைச் செரிக்க வைக்கும் மாற்றம் வடமேற்கில் அதிகம், தெற்கில் குறைவு. விதிவிலக்கு, நீலகிரியில் எருமை வளர்க்கும் தோடர்கள்.

அப்படியானால் மாடும் வயலுமாக வாழ்ந்த டெல்டாக்காரர்கள் பாலை என்ன செய்தார்கள்? பெரிய கோயில் சுவரில் ஒரு பதில் இருக்கிறது. ராஜராஜன் காலக் கல்வெட்டுக் கணக்கில், ஒரு விளக்கு எரிய 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள். தினமும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். மன்னார்குடியிலோ, பங்குனித் திருவிழாவின் வெண்ணெய்த்தாழி அன்று ராஜகோபால சுவாமி மேல் பக்தர்கள் வெண்ணெய் வீசுகிறார்கள். நெய்யிலும் வெண்ணெயிலும் லாக்டோஸ் பெயருக்குத்தான் இருக்கும்.

வீட்டில் மிஞ்சிய பாலுக்கு உறை ஊற்றினார்கள். தயிர் உறையும்போது பாக்டீரியா லாக்டோஸில் ஒரு பகுதியைத் தின்றுவிடும். மிச்சத்தைச் செரிக்கவும் அதுவே நம் குடலில் கைகொடுக்கும். பழைய சோற்றில் மோர் ஊற்றி, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு நடவுக்குப் போனவர்கள் ஆராய்ச்சி செய்யவில்லை. இந்த வெயிலில் பால் கெட்டுவிடும், அவ்வளவுதான். வயிறும் தப்பித்தது.

கும்பகோணம் டிகிரி காபியை மட்டும் நான் விடுவதில்லை. லாக்டோமீட்டர் காட்டும் டிகிரியால் வந்த பெயர் என்பார்கள். சிக்கரிதான் டிகிரி ஆனது என்று சண்டைக்கு வருபவர்களும் உண்டு. எப்படியோ, பித்தளை டம்ளர் சின்னது. ஒரே நேரத்தில் 12 கிராம் லாக்டோஸ், அதாவது பெரிய டம்ளர் ஒன்றில் இருக்கிற அளவைப் பலரும் தாங்குவார்கள். ஆகவே புதுமனையில் பால் காய்ச்சி ஒரு வாய் கொடுத்தால் பயப்பட வேண்டாம்.

சிக்கல், 'சத்து' என்று தினமும் சொம்பு நிறையக் கொடுக்கும்போதுதான். எங்கள் அப்பாயிக்கு ராத்திரிச் சாப்பாடு குறைந்ததும் பிள்ளைகள் பால் கொடுக்க ஆரம்பித்தார்கள். விடிய விடிய உப்புசம். ஓமத் தண்ணீர், கேஸ் மாத்திரை, ஒருநாள் நெஞ்சுவலியோ என்று பயந்து நடுராத்திரியில் ஆட்டோ. ஈ.சி.ஜி. சரியாக இருந்தது. அதன் பிறகுதான் ஒரு டாக்டர், "ராத்திரி என்னம்மா சாப்பிடுறீங்க?" என்று கேட்டார். பாலை நிறுத்திய ஒரே வாரத்தில் தூக்கம் வந்தது. ஆனால் அப்பாயிக்கு அதை வெளியே சொல்லக் கூச்சம். பால் பிடிக்காத உடம்பு என்றால் ஏதோ குறை என்று நினைப்பு. கல்யாண இரவில் பால் டம்ளரை வேண்டாம் என்று சொல்லத் தயங்கும் புதுப்பெண்ணுக்கும் அதே கூச்சம்தானே?

சந்தேகம் இருந்தால் இரண்டு வாரம் பாலை விட்டுப் பாருங்கள். உறுதி செய்ய, ஊதிப் பார்க்கும் ஹைட்ரஜன் டெஸ்ட் இருக்கிறது. எடை குறைந்தாலோ மலத்தில் ரத்தம் வந்தாலோ காரணம் வேறு. உடனே டாக்டரைப் பாருங்கள். கைக்குழந்தைகளுக்கு வரும் பால் அலர்ஜி இதுவல்ல, அதற்குத் தனி வைத்தியம். கால்சியத்துக்கு, முள்ளோடு சாப்பிடும் நெத்திலி இருக்கிறது. கேழ்வரகில், எடைக்கு எடை, பாலைவிட இரண்டு மடங்குக்கும் மேல் கால்சியம் உண்டு.